சென்மப்பாவமும் ஒரு சைக்கிள் மணியும்

போன மாதம் இங்கே ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போயிருந்தேன். கோயிலில் சடங்கு முடிந்து, வாடகைக்கு எடுத்த மண்டபத்தில் சாப்பாடு. கையில் ரோல்ஸோடு நின்றபோது நண்பர் ஒருவரின் மகள் பக்கத்தில் வந்தாள். இங்கேயே பிறந்து வளர்ந்த பதினைந்து வயதுப் பிள்ளை.

"மாமா, சென்மப்பாவம் கழுவுப்படுது எண்டு ஃபாதர் சொன்னவர். மூண்டு மாசப் பிள்ளை என்ன பாவம் செய்தது?"

நான் வாய் திறக்க முதல் தகப்பன் "போய்ச் சாப்பிடு" என்று அவளை அனுப்பிவிட்டார். எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. ஏனென்றால் அந்தக் கேள்விக்குப் பின்னால் எங்கள் வீட்டில் ஒரு கதை இருக்கிறது. மண்டபத்தில் நின்று சொல்லக்கூடிய கதை இல்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

1995 ஒக்ரோபர் 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் ஒரே இரவில் செம்மணி வழியாகவும் நாவற்குழிப் பாலத்தாலும் தென்மராட்சிக்குப் போன நாள். அந்தச் சனத்துக்குள் நாங்களும் நடந்தோம். என் சித்தி நிறைமாதக் கர்ப்பிணி. சாவகச்சேரிப் பக்கம் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் மூன்றாம் நாள் பிள்ளை பிறந்தது. அடுத்த நாள் விடியப்புறம் செத்துப்போனது. அந்த நேரம் அம்மம்மா பால்மாவுக்கு வரிசையில் நிற்கப் போயிருந்தா. திரும்பி வந்து பிள்ளையைப் பார்த்துவிட்டு அவ முதலில் கேட்டது, "தண்ணி ஊத்தினீங்களா?" என்றுதான்.

கத்தோலிக்கர் அல்லாத வாசகர்களுக்காக ஒரு விளக்கம். சாகக் கிடக்கிற ஒருவருக்கு, குரு இல்லாத நேரத்தில், யாரும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். தலையில் தண்ணீரை ஊற்றி உரிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். இது எங்கள் ஊர் மருத்துவிச்சிமாருக்கெல்லாம் தெரிந்த விசயம். அம்மம்மாவுக்கும் நன்றாகத் தெரியும். ஆனால் அன்றைக்கு அந்த இடத்தில் அவ இல்லை. இருந்த எங்களுக்கு அது நினைவில் வரவில்லை.

பிள்ளையைச் சேமக்காலையில் வைக்க வழியில்லை. பள்ளிக்கூட வளவுக்குப் பின்னால் ஒரு பனையடியில் வைத்தோம். அதற்குப் பிறகு அம்மம்மா உயிரோடு இருந்த காலமெல்லாம் செபமாலை முடிய ஒரே வசனத்தைத்தான் சொல்லுவா: "நான் நிண்டிருந்தால் ஒரு சிரட்டைத் தண்ணி ஊத்தியிருப்பன்." ஞானஸ்நானம் இல்லாமல் செத்த குழந்தை மோட்சம் போகாது, லிம்போ என்ற இடத்துக்குத்தான் போகும் என்று சின்ன வயதில் ஞானோபதேசத்தில் அவ படித்திருந்தா. அங்கே வேதனை இல்லை, ஆனால் கடவுளும் இல்லை. தான் செத்து மோட்சம் போனாலும் அந்தப் பிள்ளையைக் காண முடியாது என்பதுதான் அவவின் துக்கம்.

இந்த நினைப்பு எங்கேயிருந்து வந்தது? பல வருடங்களாக இதைப் பற்றி வாசித்துவருகிறேன். நான் குருமடம் போனவன் இல்லை. வாசித்ததில் எனக்கு விளங்கியதைச் சொல்கிறேன்.

முதலில் ஆதாம் ஏவாள் கதை. ஆதியாகமம் மூன்றாம் அதிகாரத்தில், அந்தக் கதைக்குள், பாவம் என்ற சொல்லே இல்லை. அந்தச் சொல் முதன்முதலில் வருவது அடுத்த அதிகாரத்தில், காயீன் தம்பியைக் கொல்லப்போகும் இடத்தில். அந்தக் கதையைத் தலைமுறை தலைமுறையாக வாசித்த யூதர்கள், குழந்தை குற்றத்தோடு பிறக்கிறது என்று அதற்குப் பொருள் சொல்லவில்லை. தகப்பன் செய்த அக்கிரமத்தை மகன் சுமக்கமாட்டான் என்று எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூல் ஒரு முழு அதிகாரத்தில் வாதாடுகிறது.

ஆதாமையும் கிறிஸ்துவையும் எதிரெதிராக நிறுத்திக் காட்டியவர் பவுல், ரோமருக்கு எழுதிய கடிதத்தில். ஆனால் அவருக்குப் பின் வந்தவர்களும் ஒரே மாதிரிப் பேசவில்லை. இரண்டாம் நூற்றாண்டில் லியோன் நகரத்து இரனேயுஸ், ஆதாமும் ஏவாளும் இன்னும் முதிராத குழந்தைகள் போன்றவர்கள், அதனால் தடுமாறினார்கள் என்று எழுதினார். கார்த்தேஜ் நகரத்துத் தெர்த்துல்லியான், மாசற்ற வயதில் குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க ஏன் அவசரப்படவேண்டும் என்று கேட்டார். அதே கார்த்தேஜில் ஐம்பது வருடம் கழித்து ஆயர் சிப்பிரியான் வேறு மாதிரிச் சொன்னார்: குழந்தைக்குச் சொந்தப் பாவம் இல்லை, ஆனால் ஆதாமிடமிருந்து வந்த சாவின் தொற்று இருக்கிறது, ஆகவே தாமதிக்க வேண்டாம். ஆக முந்நூறு வருடங்களாக இது முடிந்த முடிவாக இருக்கவில்லை.

முடிவாக்கியவர் அகுஸ்தீனார். இந்த இடத்தில்தான் கதை எங்களைப் போன்ற அகதிகளுக்குக் கிட்ட வருகிறது.

410 ஓகஸ்ட் மாதம் அலாரிக் தலைமையில் கோத்தர் படை ரோமாபுரிக்குள் புகுந்து மூன்று நாள் கொள்ளையடித்தது. எண்ணூறு வருடங்களாக அந்நியப் படை புகாத நகரம். பணக்காரரும் ஏழைகளும் கிடைத்த கப்பலில் ஏறி வட ஆபிரிக்கக் கரைக்கு ஓடினார்கள். அப்படி ஓடி வந்தவர்களில் ஒருவர் பெலாஜியஸ். பிரித்தானியத் தீவில் பிறந்து, ரோமாபுரியில் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு ஆன்மீக ஆசானாக இருந்த துறவி. ஹிப்போ துறைமுகத்தில் (இன்றைய அல்ஜீரியாவின் அன்னாபா) அவர் வந்திறங்கியபோது அந்த ஊர் ஆயர் அகுஸ்தீனார் அங்கே இல்லை. பிறகு கார்த்தேஜில் ஒன்றிரண்டு தடவை பெலாஜியஸின் முகத்தைக் கண்டதாக அகுஸ்தீனாரே எழுதியிருக்கிறார். ஆறுதலாக இருந்து பேச நேரம் கிடைக்கவில்லை. பெலாஜியஸ் பாலஸ்தீனத்துக்குப் போய்விட்டார்.

பெலாஜியஸ் சொன்னது எளிமையானது. கடவுள் மனிதனை நல்லவனாகப் படைத்தார், தெரிவுசெய்யும் சுதந்திரம் கொடுத்தார். முடியாத ஒன்றைக் கடவுள் கட்டளையிடமாட்டார். ஆகவே நீ நினைத்தால் நன்றாக வாழலாம். பாவம் செய்வது இயற்கை போலத் தெரிவதற்குக் காரணம் நீண்டகாலப் பழக்கம்தான். தெமெத்திரியாஸ் என்ற இளம்பெண்ணுக்கு 413 அளவில் அவர் எழுதிய கடிதத்தில் இதை விரிவாகச் சொல்கிறார். அந்தப் பெண்ணும் ரோமாபுரியிலிருந்து ஆபிரிக்காவுக்குத் தப்பிவந்த பெரிய குடும்பத்துப் பிள்ளைதான். அவருடைய சீடர் செலஸ்தியுஸ் இன்னும் ஒரு படி மேலே போய், ஆதாமின் பாவம் ஆதாமை மட்டுமே பாதித்தது, பிறக்கும் குழந்தை பாவத்துக்கு முந்திய ஆதாமின் நிலையில்தான் பிறக்கிறது என்றார். 411 அளவில் கார்த்தேஜில் அதற்காகவே கண்டிக்கப்பட்டார்.

வாசிக்கும் உங்களில் பலர் இந்த இடத்தில் பெலாஜியஸ் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். நானும் சாய்ந்தேன். அம்மம்மாவுக்காகவே சாய்ந்தேன். ஆனால் கொஞ்சம் பொறுங்கள்.

அகுஸ்தீனார் 354இல் தகாஸ்தே என்ற சின்ன ஊரில் பிறந்தவர். சின்ன வயதில் கடும் வருத்தம் வந்தபோது ஞானஸ்நானம் கேட்டு அழுதார். வருத்தம் மாறியதும் தாய் மோனிக்கா அதைத் தள்ளிப்போட்டுவிட்டா. அந்தக் காலத்து வழக்கம் அப்படி. முப்பத்தொரு வயதில் மனம்மாறி, அடுத்த வருடம், 387இல்தான், மிலானில் ஞானஸ்நானம் பெற்றார். தன் கதையை 'பாவ அறிக்கை' நூலாக எழுதினார். அதில் ஒரு பகுதி என்னை உலுப்பிவிட்டது. பதினாறு வயதில் கூட்டாளிகளோடு இரவில் போய் அயல் தோட்டத்துப் பேரிக்காய்களைக் களவெடுத்தார்கள். பசியில்லை. வீட்டில் அதைவிட நல்ல காய் இருந்தது. களவெடுத்ததைப் பன்றிகளுக்கு எறிந்தார்கள். ஏன் செய்தேன் என்று பக்கம் பக்கமாக யோசித்துவிட்டு, தனியாக இருந்திருந்தால் செய்திருக்கமாட்டேன் என்கிறார். கூட்டம் இருந்தது, செய்யக்கூடாது என்பது தெரிந்திருந்தது, அதுவே ருசியாக இருந்தது.

ஏன் உலுப்பியது என்று சொல்லவேண்டும். 1990 ஒக்ரோபர் 30, யாழ்ப்பாணத்து முஸ்லிம் சனத்தை இரண்டு மணித்தியால அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். எனக்கு அப்போது பதின்நான்கு வயது. கொஞ்ச நாள் கழித்து நாங்கள் நாலைந்து பொடியள் சோனகதெருப் பக்கம் விடுப்புப் பார்க்கப் போனோம். ஒரு வீட்டு முற்றத்தில் சில்லுக் காற்றுப் போன சைக்கிள் ஒன்று கிடந்தது. நான் அதன் மணியைக் கழற்றி எடுத்தேன். என் சைக்கிளில் நல்ல மணி இருந்தது. தேவையே இல்லை. யாரும் எடுக்கச் சொல்லவுமில்லை. மற்றவர்கள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டில் யாரும் எங்கேயிருந்து வந்தது என்று கேட்கவில்லை. சரியாக ஐந்து வருடம் கழித்து அதே ஒக்ரோபர் 30இல் எங்கள் வீட்டையும் விட்டுவிட்டு நாங்கள் நடந்தோம்.

வாசகர்களே, நான் அந்த வெளியேற்றத்தையும் எங்கள் இடப்பெயர்வையும் தராசில் போட்டு நிறுக்க வரவில்லை. அந்தச் சனத்தைத் துரத்தியவன் நான் இல்லை. ஆனால் அந்த மணி என் கையில் இருந்தது. பெலாஜியஸ் சொல்வதுபோல அது எனக்குப் பழக்கமாகவும் இருக்கவில்லை. அதற்கு முன் நான் எதையும் களவெடுத்தவன் இல்லை. எனக்குள் ஏற்கெனவே ஏதோ ஒன்று அந்தச் சந்தர்ப்பத்துக்காகக் காத்திருந்தது. அகுஸ்தீனார் பேசுவது அதைப் பற்றித்தான்.

இன்னொன்றும் வாசிக்க வாசிக்கத் தெரிந்தது. நினைத்தால் முடியும் என்கிற பெலாஜியஸின் வார்த்தை கேட்க இனிமை. ஆனால் முடியும் என்றால் கட்டாயம் செய்யவேண்டும். செய்யாதவனுக்குச் சாட்டு இல்லை. அவருடைய போதனையில் விழுகிறவனுக்கு இடம் குறைவு. அகுஸ்தீனாருக்குத் திருச்சபை என்பது காயப்பட்டவர்கள் கிடந்து குணமாகும் இடம். கோதுமையும் களையும் கடைசிவரை கலந்தே நிற்கும் என்பார். ரோமாபுரியில் படையினரால் கெடுக்கப்பட்ட பெண்களைச் சிலர் பழித்தபோது, குற்றம் செய்தவனுடையது, பெண்ணின் தூய்மை போகவில்லை என்று 'கடவுளின் நகரம்' நூலின் தொடக்கத்திலேயே எழுதினார். எங்கள் போராட்டத்திலும் பூரணமான மனிதர்களைத்தான் எதிர்பார்த்தோம். பூரணம் இல்லாதவனுக்கு நாங்கள் வைத்த பெயர் உங்களுக்குத் தெரியும்.

அப்படியானால் அகுஸ்தீனார் சரியா? இல்லை, இங்கேதான் அம்மம்மாவின் கண்ணீர் வருகிறது.

பெரியவர்களின் பலவீனத்தை விளங்கிக்கொண்ட அதே மனிதர், குழந்தைகளிடம் வந்தபோது தன் தர்க்கத்திலேயே சிக்கிப்போனார். பவுலின் ரோமர் கடிதம் ஐந்தாம் அதிகாரம் பன்னிரண்டாம் வசனத்தில், சாவு எல்லாருக்கும் வந்ததற்குக் காரணம் எல்லாரும் பாவம் செய்தது என்ற பொருளில் கிரேக்க மூலம் இருக்கிறது. அகுஸ்தீனார் வாசித்த லத்தீன் மொழிபெயர்ப்பை, அந்த ஒருவனுக்குள் எல்லாரும் பாவம் செய்தார்கள் என்றும் எடுக்கலாம். அவர் அப்படித்தான் எடுத்தார். அவருக்குக் கிரேக்கம் அவ்வளவு ஓடாது. ஆதாமுக்குள் எல்லாரும் இருந்தார்கள், ஆகவே குற்றமும் எல்லாருக்கும் உண்டு என்றார். திருச்சபை குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறது, அது பாவமன்னிப்புக்கானது, எனவே குழந்தையிடம் மன்னிக்க ஏதோ இருக்கவேண்டும் என்பது அவருடைய இன்னொரு வாதம். ஞானஸ்நானம் பெறாத குழந்தைக்குத் தண்டனை உண்டு, ஆனால் எல்லாவற்றிலும் மெல்லிய தண்டனை என்று முடித்தார். அவருக்கே இது உறுத்தியது. குழந்தைகளின் விசயத்துக்கு வரும்போது தான் பெரும் நெருக்கடிக்குள் மாட்டுகிறேன் என்று 415இல் பெத்லகேமிலிருந்த ஜெரோமுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார்.

மற்றது அரசியல். 415இல் பாலஸ்தீனத்தில், தியோஸ்பொலிஸ் நகரில் கூடிய ஆயர்கள் பெலாஜியஸைக் குற்றமற்றவர் என்று விட்டுவிட்டார்கள். ஆபிரிக்க ஆயர்கள் அதை விடவில்லை. 416இல் இரண்டு சங்கங்கள் கூட்டிக் கண்டித்தார்கள். பாப்பரசர் இன்னொசென்ட் ஒத்துக்கொண்டார். அடுத்து வந்த சோசிமுஸ் முதலில் பெலாஜியஸ் பக்கம் இரங்கினார். 418 ஏப்ரல் 30இல் சக்கரவர்த்தி ஒனோரியுஸ், பெலாஜியஸையும் செலஸ்தியுஸையும் ரோமாபுரியிலிருந்து துரத்தும் கட்டளையைப் பிறப்பித்தார். மறுநாளே கார்த்தேஜில் பெரிய சங்கம் கூடியது. பிறகு சோசிமுஸும் மாறிவிட்டார். அகதியாக வந்தவரின் வழக்கு நாடுகடத்தலில் முடிந்தது.

கையெழுத்து வைக்க மறுத்த பதினெட்டு இத்தாலிய ஆயர்களில் எக்லானும் நகரத்து யூலியான் விடாமல் எழுதினார். இன்னும் எதையும் விரும்பத் தெரியாத குழந்தையைத் தண்டிக்கிற கடவுள் நீதியுள்ளவரா என்பதுதான் அவருடைய கேள்வி. மண்டபத்தில் அந்தப் பிள்ளை என்னிடம் கேட்டதும் அதேதான். அகுஸ்தீனார் அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருந்தபோதே, 430 ஓகஸ்ட் 28இல், வந்தாலர் படை ஹிப்போவைச் சுற்றிவளைத்திருந்த நேரத்தில் இறந்தார். நகரம் முழுக்க அகதிகள். அவருடைய சரிதையை எழுதிய ஆயர் பொசிதியுஸும் அவர்களில் ஒருவர். மனஸ்தாபச் சங்கீதங்களை எழுதிச் சுவரில் ஒட்டுவித்து, படுக்கையில் கிடந்தபடி வாசித்து அழுதார் என்று அவர் சொல்கிறார். அந்தப் பதில் நூல் முடியாமலே கிடக்கிறது.

கிழக்குத் திருச்சபைகள் இந்தப் பாதையில் வரவில்லை. ஆதாமிடமிருந்து சாவும் பலவீனமும் வருகின்றன, குற்றம் வருவதில்லை என்பது அவர்கள் நிலை. மேற்கிலோ 1546இல் திரெந்து சங்கம் சென்மப்பாவத்தை உறுதிப்படுத்தியது. லூத்தரும் கல்வினும் மனிதச் சித்தத்தின் கட்டுண்ட நிலையை இன்னும் கடுமையாகச் சொன்னார்கள். குழந்தைகளின் தண்டனை மட்டும் மெல்ல மெல்ல இளகியது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அபெலார்ட், கடவுளைக் காணாமல் இருப்பது மட்டும்தான் தண்டனை என்றார். அடுத்த நூற்றாண்டில் தோமஸ் அக்குவைனாஸ், அவர்களுக்கு அந்தத் துக்கமும் தெரியாது என்றார். இப்படி உருவானதுதான் லிம்போ. அது ஒருநாளும் விசுவாசச் சத்தியமாக அறிவிக்கப்பட்டதில்லை. ஆனால் அயர்லாந்தில் ஞானஸ்நானம் பெறாத குழந்தைகளை மந்திரித்த நிலத்துக்கு வெளியே, வேலியோரங்களிலும் கடற்கரைகளிலும் புதைத்தார்கள். அந்தப் புதைகுழிகள் இன்றும் அங்கே இருக்கின்றன. சாவகச்சேரிப் பனையடி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

எங்கள் ஊரில் இந்தப் போதனை சைவத்தோடும் மோதியது. 1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனறிமார் கல்வினின் வழி வந்தவர்கள். அவர்களோடும் மற்றச் சபைகளோடும் வாதாடிய ஆறுமுக நாவலர் 1854இல் 'சைவ தூஷண பரிகாரம்' எழுதினார். சைவ சித்தாந்தத்திலும் பிறக்கும்போதே ஒட்டியிருக்கும் அழுக்கு உண்டு. செம்பில் களிம்பு போல ஆணவ மலம். ஆனால் அது முப்பாட்டன் செய்த பிழைக்காக வந்தது இல்லை, தொடக்கமே இல்லாதது. குற்றப்பத்திரிகை இல்லாத நோய். மனிதனுக்குள் ஏதோ கோணல் இருக்கிறது என்பதில் நாவலருக்கும் அகுஸ்தீனாருக்கும் சண்டை இருந்திருக்காது. அது யாருடைய குற்றம் என்பதில்தான் சண்டை.

2007 ஏப்ரல் 20இல் வத்திக்கானின் சர்வதேச இறையியல் ஆணைக்குழு ஓர் ஆவணம் வெளியிட்டது. ஞானஸ்நானம் இல்லாமல் இறந்த குழந்தைகள் கடவுளிடம் சேர்வார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என்றது. செய்தியை வாசித்த அன்றிரவே சித்திக்கு ரெலிபோன் எடுத்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு சொன்னா: "எனக்கு அது பிரச்சினை இல்லையடா. என்ர பிள்ளை எங்க இருக்கெண்டு எனக்குத் தெரியும். அம்மாவுக்கு ஆரும் சொல்லேல்லையே."

அம்மம்மா 2001இலேயே போய்விட்டா.

பிறகு தேடிப் பார்த்தால், 1992இல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலிலேயே அந்தக் குழந்தைகளைக் கடவுளின் இரக்கத்தில் ஒப்படைக்கலாம் என்று இருக்கிறது. அதற்கும் முன்னால், 1969இல், அப்படி இறந்த குழந்தைகளுக்கான அடக்கச் சடங்கே எழுதப்பட்டுவிட்டது. சித்தியின் பிள்ளை பிறப்பதற்கு இருபத்தாறு வருடம் முன்பு. அந்தச் செய்தி ரோமாபுரியிலிருந்து எங்கள் வீட்டுச் செபமாலை வரைக்கும் வந்து சேரவில்லை. பயமுறுத்தும் போதனை வேகமாக வந்துவிடும் போலிருக்கிறது. ஆறுதல்தான் பிந்துகிறது.

நண்பரின் மகளுக்கு என்ன சொல்வது? அந்த மூன்று மாசப் பிள்ளை ஒரு பாவமும் செய்யவில்லை என்று சொல்வேன். சென்மப்பாவம் என்பது தொட்டிலைப் பார்த்துச் சொல்லவேண்டிய வார்த்தை அல்ல. எதிரியின் இரத்தத்தைக் காட்டி, அவனுடைய இனமே அப்படித்தான் என்று சொல்வதற்கான வார்த்தையும் அல்ல. ஆதாம் எல்லாருக்கும் தகப்பன் என்றால் அதில் தப்பிய இனம் ஏது? என்னைப் போல வளர்ந்த ஆட்கள் எங்களைப் பார்த்தே சொல்லவேண்டிய வார்த்தை அது.

அந்தச் சைக்கிள் மணி 95இல் எங்கள் வீட்டோடு போய்விட்டது. அது யாருடைய சைக்கிள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. திருப்பிக் கொடுக்கப் பொருளும் இல்லை, ஆளும் இல்லை. குறைந்தது எழுதியாவது வைப்போம் என்றுதான் இதை எழுதினேன்.